பொங்கலுக்கு வராத அண்ணன்

1996ஆம் வருடப் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. அதற்கு முந்தைய தீபாவளிக்கும் வரவில்லை. வால்பாறைக்கு மேலே, அக்காமலைத் தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் தொடங்குகிற கிராஸ்ஹில்ஸ் புல்மலையில் அவன் வனத்துறையின் தினக்கூலி வாட்சராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தை பிறந்ததும் மலையில் புல் காயத் தொடங்கிவிடும், தீத்தடுப்புக் கோடு வெட்டவேண்டும், யாருக்கும் லீவு கிடையாது என்று சொல்லியனுப்பியிருந்தான். அம்மா அதை நம்பவில்லை. "உடம்புக்கு என்னமோ ஆகியிருக்கு, மறைக்கிறான்" என்று, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

அப்பா ஃபாரஸ்டரைப் பார்த்துக் கேட்டு, கேம்புக்கு அரிசி சுமந்து போகிறவர்களோடு என்னை அனுப்ப அனுமதி வாங்கினார். ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல், ஒரு பொட்டலம் கருவாடு, ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். லைன் வீட்டு வாசலில் என் தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்: "அவன் வாயால சொல்றத நம்பாதே. சட்டையைக் கழட்டும்போது நெஞ்செலும்பு தெரியுதான்னு பாத்துட்டு வா."

எங்களுக்கு முன்னால் நடந்தவர் மூத்த வாட்சர், முதுவர் பழங்குடிக்காரர். தலைப்பாகையும் முதுகில் அரிசிச் சாக்குமாக ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தார். தை மாதமானதால் அட்டைத் தொல்லை இல்லை. சோலைக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று அணைந்துபோனது. மரங்கள் உயரமில்லை, காற்றுக்குக் குனிந்து, உடம்பெல்லாம் பாசி போர்த்தி நின்றன. ஓரிடத்தில் அவர் நின்று, யானை லத்தியைக் காலால் புரட்டிப் பார்த்தார். ஆவி பறந்தது. ஒன்றும் சொல்லாமல் வழியை மாற்றி எங்களை மேட்டுப் பக்கமாகக் கூட்டிப் போனார். அந்த அரைமணி நேரம் நான் தூக்குவாளியின் கைப்பிடியைச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சோலையை விட்டு வெளியே வந்தபோது கண்டதை இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதுவரை நான் பார்த்த மலையெல்லாம் தேயிலை. கத்தரித்து, நிரை பிடித்து, நம்பர் போட்ட மலை. இங்கே கண்ணுக்கு எட்டியவரை பழுப்புப் புல், அலை அலையாக. மடிப்புகளில் மட்டும் கருஞ்சோலை. யாரும் நட்டதில்லை, யாரும் வெட்டுவதில்லை. தெற்கே மேகத்துக்குள் கேரளத்து மலைகள்.

கேம்ப் என்பது கல்சுவர் வைத்த ஒரே ஓர் அறை. தகரக் கூரை பறக்காமலிருக்க அதன்மேல் கற்கள் ஏற்றியிருந்தார்கள். சுற்றிலும் யானை அகழி, அதன் குறுக்கே இரண்டு பலகை. பலகையின் அந்தப் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தான். தாடி வளர்ந்து, உதடு வெடித்து, உடம்பெல்லாம் விறகுப் புகை வாசனையோடு. ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. "அம்மா வரலையா?" என்று கேட்டான். இருபத்தொரு வயது ஆள், அந்த மலைக்கு அம்மா ஏறி வரமாட்டாள் என்று தெரிந்தும் அப்படிக் கேட்டான்.

பொங்கலை அடுப்பில் வைத்து இளக்கி முதலில் முதுவர் பெரியவருக்கு, பிறகு மற்றவர்களுக்கு, பிறகு எனக்குக் கொடுத்தான். வாளியில் ஒட்டியிருந்ததை மட்டும் விரலால் வழித்து, ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று தின்றான்.

பொழுது சாய்ந்ததும் பலகைகளை உள்ளே இழுத்துப் போட்டார்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே என்பதால் பருப்பு லேசில் வேகாது. முந்தின இரவே ஊறப்போட்டிருந்தும் இரண்டு மணி நேரம் கொதித்தது. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் தன் முன்னோர் கதையைச் சொன்னார். மதுரையை விட்டுக் கிளம்பியபோது மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறி வந்தவர்களாம். அதனால்தான் முதுவர் என்று பெயராம். பகலெல்லாம் அவர் முதுகில் அரிசிச் சாக்கைப் பார்த்துக்கொண்டே வந்த எனக்கு அந்தக் கதையில் சந்தேகமே வரவில்லை. நடுராத்திரியில் காற்று தகரத்தைப் பிடித்து உலுக்கியது. நான் விழித்துக்கொண்டதை உணர்ந்து அண்ணன் தன் கம்பளியையும் என்மேல் போட்டான். "மொத மூணு மாசம் நானும் தூங்கலடா" என்றான் இருட்டில். "அம்மாகிட்ட சொல்லாத."

விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிப் போனான். புல் முழுக்க உறைபனி. மிதித்தால் அப்பளம்போல நொறுங்கியது. பாறை விளிம்புக்குப் பக்கத்தில் வந்ததும் என்னைக் குப்புறப் படுக்க வைத்தான். எதிர்ச்சரிவில், நிற்கவே இடமில்லாத கல்லில், வரையாடுகள். சங்கப் பாட்டில் வருடை என்று வருவது இதுதான் என்று பள்ளியில் தமிழாசிரியர் சொல்லியிருந்தார். மாநில விலங்கு என்று பொது அறிவில் மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டும் அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒரு தாயின் காலுக்கடியில் பிறந்து சில நாளே ஆகியிருக்கக்கூடிய குட்டி, அந்தப் பாறையில் தாவி விளையாடியதைப் பார்த்து மூச்சு நின்றுவிட்டது. முதுகில் வெள்ளிச் சேணம் பூட்டியதுபோல ஒரு கிழட்டுக் கடா மட்டும் தனியே நின்றது.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தான். கடா, பெட்டை, ஒரு வருடக் கன்று, குட்டி என்று தனித்தனிக் கட்டங்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் கோடு கோணாமல் போட்டிருந்தான். குட்டியை ஏன் தனியாக எழுதுகிறாய் என்று கேட்டேன். "தையில பொறக்குறதெல்லாம் தங்காதுடா. சிறுத்தை இருக்கு, செந்நாய் இருக்கு, ஆனி ஆடி மழை இருக்கு. மழையைத் தாண்டி நிக்கிறதுதான் கணக்கு." அதற்குள் எங்கிருந்தோ விசில்போல ஒரு சத்தம். கூட்டம் முழுதும் ஒரே நொடியில் விளிம்புக்குக் கீழே மறைந்துவிட்டது. "நம்மள பாத்துருச்சு" என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வீட்டில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வழியில் ஓடையில் இறங்கிக் குளித்தான். சட்டையைக் கழட்டினான். நெஞ்செலும்பு தெரிந்தது, எண்ணலாம்போல இருந்தது. கெண்டைக்கால் மட்டும் கல்லாக இறுகியிருந்தது.

கீழே வந்ததும் அம்மாவிடம் நான் காலைப் பற்றி மட்டும் சொன்னேன். நெஞ்சைப் பற்றி அவளும் கேட்கவில்லை. குட்டியைப் பற்றி மூன்று தடவை கேட்டாள்.

அண்ணன் அந்த மலையில் பத்தொன்பது வருடம் இருந்தான். முட்டி தேய்ந்த பிறகுதான் இறங்கினான். இப்போது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் காவல் இருக்கிறான். 2024இல் தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில் வரையாடுகளை எண்ணி, மொத்தம் 1,031 என்று அறிவித்தார்கள். செய்தியை அவனுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டான்:

"குட்டி சேத்தா, சேக்காமலா?"