எத்தனை டிகிரி?

உயர்த்திய ஜிப்ஸியை நான் ஆசைக்காக வாங்கவில்லை. கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வேலையாகப் போக வேண்டும். மழைக்காலத்து மண்பாதையில் தாழ்வான வண்டி அடி தட்டி நின்றுவிடும். முன்பு வைத்திருந்தவர், அச்சுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங் கட்டை அச்சுக்கு மேலே மாற்றி, வண்டியை நான்கு அங்குலத்துக்கு மேல் உயர்த்தியிருந்தார்.

மலையில் வண்டிமேல் எந்தக் குறையும் இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கி, கோவைச் சாலையில் வேகம் 60 கிலோமீட்டரைத் தொட்டதும் ஓர் அதிர்வு வரும். ஸ்டியரிங்கில் இல்லை, இருக்கையிலும் காலடித் தகட்டிலும், வண்டு இரைவதுபோல.

மூன்று பட்டறைகளுக்குப் போனேன். ஒருவர் சக்கரங்களை பேலன்ஸ் செய்தார், மாற்றமில்லை. இன்னொருவர் ரோட்டைக் குறை சொன்னார். மூன்றாமவர், துணைக்கு வந்த என் தம்பியைப் பார்த்துப் பேசினார்: “உசத்துன வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும். மேடத்துக்குப் போகப்போகப் பழகிடும்.” தம்பி அந்த வண்டியை ஒருநாள்கூட ஓட்டியதில்லை.

‘பழகிடும்’ என்ற சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. நூற்பாலையில் சேர்ந்த புதிதில் சத்தம் தாங்கவில்லை என்று சொன்ன அம்மாவுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. பழகத்தான் செய்தது. வேலையை விட்டபோது, பக்கத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டால்தான் அம்மா திரும்புவார். ஆனால் அதே அம்மா, ஓடும் மெஷினில் கையை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. மெஷின் நின்றபிறகு ஃபிட்டர் வந்து சொன்னதுதான் பதிவேட்டில் ஏறியது.

நான் எழுதி வைத்தேன். எந்த வேகம், எந்த கியர், எவ்வளவு பாரம். நாலாவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் அதே 60-இல்தான் அதிர்வு வந்தது. நியூட்ரலில் உருட்டினாலும் முழுதாகப் போகவில்லை. அப்படியானால் காரணம் எஞ்சின் அல்ல. வண்டியின் வேகத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று.

பிறகு கணக்கு. அந்த வேகத்தில் என் வண்டியின் சக்கரம் நொடிக்கு ஏழெட்டு முறை சுற்றும். சக்கரத்தில் குறையிருந்தால் கை உணரும் அளவுக்கு மெதுவான ஆட்டமாகத்தான் இருக்கும். பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் ஏறத்தாழ நான்கு முறை சுற்றும். அதாவது நொடிக்கு முப்பது. அதன் முனையிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும், நொடிக்கு அறுபது. அதுதான் என் இருக்கையில் இரைந்த வண்டு.

அந்த ஜாயின்ட்டின் குணம் இது: வளைந்த நிலையில் சுற்றும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி வளைவில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் கூடும், அதே அளவு குறையும். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக்குக்கே தெரிந்த விஷயம். அதனால்தான் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் ஜாயின்ட் வைக்கிறார்கள். இரண்டு கோணங்களும் சமமாக இருந்து, ஷாஃப்ட்டின் இரு கவைகளும் ஒரே வரிசையில் நின்றால், முதல் ஜாயின்ட் செய்த ஏற்ற இறக்கத்தை இரண்டாவது ஈடுகட்டிவிடும்.

வண்டியை உயர்த்தினால் ஷாஃப்ட்டின் சரிவு கூடும், கோணங்களும் கூடும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் இரண்டும் சமமில்லாமல் போவது வேலையில் விட்ட குறை.

பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸின் பாகைமானியில் நூல் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, சமதரையில் நின்ற வண்டிக்கு அடியில் படுத்து அளந்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்பக்கமாக 2 டிகிரி சாய்ந்திருந்தது. ஷாஃப்ட் 12 டிகிரி. அப்படியென்றால் முன் ஜாயின்ட்டில் 10. பின் அச்சின் பினியனோ 6 டிகிரி மேல்நோக்கியிருந்தது. பின் ஜாயின்ட்டில் 6 மட்டும். யாரோ ஒருவர், பினியன் ஷாஃப்ட்டைப் பார்த்து நிமிர்ந்திருந்தால் நல்லது என்று நினைத்து இருக்கையைப் பற்றவைத்திருக்கிறார். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை ஜாயின்ட் இருக்கும் ஷாஃப்ட்டுக்கு அது சரி. என் வண்டிக்கு அல்ல.

தாளில் படம் வரைந்து, நான்கு எண்களையும் எழுதி, நான்காவது பட்டறைக்குத் தனியாகப் போனேன். அங்கிருந்த பெரியவர் தாளை வெகுநேரம் பார்த்தார். “நீங்களே அளந்தீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டு, தானும் ஒருமுறை அளந்தார். பிறகு என்னிடமே பேசினார்.

ஸ்பிரிங்குக்கும் அச்சின் இருக்கைக்கும் நடுவே 4 டிகிரி இரும்பு ஆப்பு வைத்து பினியனை இறக்கினோம். அலுமினிய ஆப்பு நசுங்கும், விரிசல் விடும் என்பதால் இரும்பு. ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப நீளமான சென்டர் போல்ட். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன், மாட்டும்போது கவைகள் வரிசை மாறாமலிருக்க பெயின்ட்டால் கோடு போட்டார். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கினோம்.

60-இல் அதிர்வு இல்லை. 80-க்கு மேல் கொஞ்சம் இருக்கிறது. 10 டிகிரி வளைவுக்கு அது விலை, அது எனக்குத் தெரிந்தே நான் கொடுக்கும் விலை. அப்படியே விட்டிருந்தால் ஜாயின்ட்டின் ஊசி பேரிங்குகள் தேய்ந்து, ஒருநாள் மலைச்சரிவில் ஷாஃப்ட் கழன்றிருக்கலாம்.

என் உடம்பு முதல் நாளே சரியாகத்தான் சொன்னது. எண்ணாக மாற்றிக் கொண்டுபோன பிறகுதான் அதற்குக் காது கிடைத்தது. அந்தப் பெரியவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பாகைமானி இல்லாமல் போயிருந்தால் அவரும் கேட்டிருப்பாரா என்பது எனக்குள் இன்னும் கிடக்கும் கேள்வி. அம்மாவின் கையில் பாகைமானி இல்லை. இருந்திருக்க வேண்டியதும் இல்லை.

அலுவலகத்துப் பெண்பிள்ளைகள் வண்டி விஷயமாக என்னிடம் யோசனை கேட்கிறார்கள். உணர்ந்ததை அன்றைக்கே எழுதி வையுங்கள், வேகத்தோடும் கியரோடும் சேர்த்து, என்கிறேன். யாராவது ‘பழகிடும்’ என்றால், எத்தனை டிகிரி, அளந்தீர்களா என்று கேளுங்கள். அளக்காதவர் சொல்லும் ‘பழகிடும்’, வண்டியைப் பற்றியது அல்ல.