தொட்டியின் அடித்துளை

செடித்தொட்டி வாங்கப் போனால் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பேன். அடியில் துளை உண்டா, எத்தனை, எவ்வளவு பெரிது? அடுக்குமாடி பால்கனியில் வளரும் கறிவேப்பிலைக்கோ துளசிக்கோ ஆயுள் அந்தத் துளையில்தான் இருக்கிறது.

என் அத்தை உடைந்த பானையைத் தூக்கி எறியவே மாட்டாள். கொல்லை மூலையில் சில்லுகளாகச் சேர்த்து வைத்திருப்பாள். புதுத் தொட்டிக்கு மண் நிரப்பும் நாளில், அதில் வளைவான சில்லு ஒன்றைத் தேடி எடுத்துத் துளைமேல் குப்புற வைப்பாள். மண் போகாது, தண்ணீர் போகும். ஒரே ஒரு சில்லுதான், கூடுதலாக எதுவும் கிடையாது. தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று தெரிய, மண்ணைத் தொட்டுப் பார்க்கமாட்டாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். கனத்தால் விட்டுவிடுவாள், லேசாக இருந்தால் சொம்பை எடுப்பாள். இதைவிடச் சரியான ஈரமானியை நான் கண்டதில்லை.

இப்போது பலர் தொட்டியின் அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஜல்லி போடுகிறார்கள், தண்ணீர் நன்றாக வடியும் என்று. நடப்பது வேறு. மண் துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடுக்குகள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் அதை எளிதில் விடுவதில்லை. மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறிய பிறகே சொட்டத் தொடங்கும். ஜல்லி போட்டதால் அந்தச் சகதி வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறி வந்துவிடுகிறது.

சமையலறையிலேயே இதைச் சோதிக்கலாம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டி ஓயும். அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். பஞ்சு அதேதான், உயரம்தான் கூடியிருக்கிறது. தொட்டியும் அப்படியே. ஒரே மண் அகன்ற தாம்பாளத்தில் சேறாகவும், உயரமான தொட்டியில் பதமாகவும் இருக்கும். தோட்டத்தில் ஆழம் வரை மண் தொடர்வதால் இந்தச் சிக்கல் தெரிவதில்லை. அந்த மண்ணையே அள்ளித் தொட்டியில் போட்டால் இறுகிவிடுகிறது. தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலப்பது அதனால்தான்.

எகிப்தில் டெய்ர் எல் பஹ்ரி கோயில் சுவரில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் அரசி ஹட்செப்சுட் அனுப்பிய கப்பல்கள் புன்ட் நாட்டிலிருந்து நறும்பிசின் மரங்களை வேரோடு கொண்டுவந்த காட்சி. மரங்கள் கூடையில் நிற்க, ஆட்கள் காவடிபோல் தோளில் சுமந்து வருகிறார்கள். படத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். கூடைக்கு உடம்பெல்லாம் துளையல்லவா! இன்று விற்கும் துணிப்பைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பிளாஸ்டிக் தொட்டியில் சுவரை முட்டிய வேர் வட்டமாகச் சுற்றிக்கொள்ளும். துணிப்பையில் காற்றுப் பட்டதும் வேர்நுனி காய்ந்து நின்றுவிட, பின்னாலிருந்து புதுக் கிளைவேர்கள் கிளைக்கும்.

துணிப்பை சீக்கிரம் காயும், வெயில் காலத்தில் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும், கீழ்வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடியில் தட்டு வையுங்கள். ஆனால் தட்டில் நிற்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். கறிவேப்பிலை வைப்பதாக இருந்தால், அகலத்தைவிட உயரம் பார்த்து வாங்குங்கள். ஜல்லி வேண்டவே வேண்டாம்.