குட்டி யானைக்கு ஒரு பாட்டுப் பெட்டி

நாமக்கல் என்றவுடன் ஒற்றைப் பாறையின்மேல் நிற்கும் கோட்டையையும், மேற்கூரையின்றி வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஆஞ்சநேயரையும், கோழிப்பண்ணைகளிலிருந்து நாள்தோறும் புறப்படும் முட்டைகளையும் நினைக்கிறவர்கள் பலர்; ஆயினும் தேசத்தின் நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரிகளைப் பற்றிச் சிறிதேனும் அறிந்தவர்களுக்கு, எஞ்சினும் சட்டமுமாக வந்து சேரும் வண்டிகளுக்கு உடல் கட்டிக் கொடுக்கும் பட்டறைகளின் ஊராகத்தான் அது முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பட்டறைகளின் நிழலில் இருக்கை தைப்பவர்கள், தார்ப்பாய் தைப்பவர்கள், பெயரெழுதும் ஓவியர்கள், பாட்டரிக்காரர்கள் என்று எத்தனையோ வகைத் தொழிலாளர் ஜீவனம் செய்கிறார்கள். அவர்களுள் அதிகம் பேசப்படாத ஒரு வகையினர், வண்டிக்குள் பாட்டுக் கேட்பதற்கான செட்டையும் ஸ்பீக்கர்களையும் பொருத்திக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன்கள். அவர்களுடைய வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை அருகிலிருந்து பார்க்க வேண்டுமென்ற ஆவலோடு, புறச்சாலையொன்றில் தகரக் கொட்டகை போட்டுத் தொழில் நடத்தும் ஒரு மேஸ்திரியிடம் அநுமதி கேட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அன்று காலையில் வந்து நின்றது ஜனங்கள் குட்டி யானை என்று செல்லமாக அழைக்கும் டாடா ஏஸ். 2005-ஆம் வருஷம் இந்த வண்டி வெளிவந்தபோது, இரண்டு சிலிண்டரும் 702 சி.சி. கொள்ளளவும் 16 குதிரைத் திறனும் கொண்ட ஒரு சிறிய டீசல் எஞ்சினை வைத்துக்கொண்டு, மூன்று சக்கர வண்டியின் இடத்தையும் பெரிய லாரி நுழைய முடியாத சந்துகளையும் அது வெகு சீக்கிரத்தில் பிடித்துக்கொண்டது. சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, தானே ஓட்டி, தானே கணக்குப் பார்த்துப் பிழைக்கும் பல்லாயிரம் இளைஞர்களுக்கு அது முதல் சொத்தாயிற்று. செட்டைப் பொருத்துகிறவர்களுக்கோ அது ஓர் அசாதாரணமான பரீட்சை. அதன் எஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், சூடும் அதிர்வும் அந்தச் சிறிய கேபினுக்குள் இடைவிடாமல் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினின் தடதடப்பு, சங்கீதத்தில் தாழ்ந்த ஸ்வரங்கள் வாழும் அதே பிரதேசத்தில் குடியிருந்துகொண்டு அவற்றை விழுங்கிவிடுகிறது. பணம் நிறையச் செலவழித்துப் பெரிய வூஃபரை வாங்கி வைத்தாலும் ஓடும் வண்டியில் அதன் பயன் பாதிக்குமேல் காதுக்கு எட்டாததற்குக் காரணம் இதுதான்.

வண்டியின் சொந்தக்காரர் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத இளைஞர். அவருடைய விருப்பமும் அந்தப் பெரிய சத்தத்தின் மேல்தான் இருந்தது.

"அண்ணா, சீட்டுக்குப் பின்னாடி பெட்டி கட்டி ஓவல் ஸ்பீக்கர் ரெண்டு வெச்சுருங்க. சும்மா அதிரணும்ங்க."

மேஸ்திரி மறுக்கவில்லை. கையிலிருந்த டெஸ்ட் லாம்பைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, என்ன லோடுங்க ஏத்தறீங்க?" என்றார்.

"முட்டைங்கண்ணா. ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்தா விடியறதுக்குள்ள ஈரோட்டுக் கடைகளுக்கெல்லாம் போட்டு முடிக்கணும்ங்க."

"அப்பறம், பின்னால தட்டு நகர்ற சத்தம் உங்க காதுக்கு வரணுமில்லீங்களா? கயிறு தளர்ந்தா முதல்ல காதுதானுங்க சொல்லும். மண்டைக்குப் பின்னாடி பெட்டி வெச்சா அது கேக்காதுங்க தம்பி. கதவுல வெச்சுக்கலாம். சத்தம் கம்மியா வெச்சாலும் பாட்டு தெளிவா இருக்கற மாதிரி பண்ணித் தரேன்."

இளைஞர் சற்று யோசித்து ஒப்புக்கொண்டார். இந்தத் தொழிலைப் பற்றி எனக்கு ஏற்பட்ட முக்கியமான அபிப்பிராயம் அந்தச் சிறு உரையாடலிலிருந்து பிறந்ததே. சத்தத்தைப் பெருக்குவது எந்தச் செட்டாலும் முடிகிற காரியம். எஞ்சினும் காற்றும் சாலையும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு தகரக் கூண்டில், குறைந்த ஒலியிலேயே ஒவ்வொரு சொல்லும் துலக்கமாகக் கேட்கும்படியும், அதே சமயத்தில் பின்னால் வருகிற வண்டியின் ஹாரனும் சொந்தப் பாரத்தின் அசைவும் ஓட்டுகிறவரின் செவியை வந்து அடையும்படியும் செய்வதுதான் வித்தை. அந்த வித்தையை அறிந்தவரைக் கைவினைஞர் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

முதலில் கதவின் உட்புற அட்டையைக் கழற்றினார்கள். உதவிக்கிருந்த இளைஞர், ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலை கற்றுக்கொள்ள வந்தவர், தகட்டில் ஓட்டையிடுவதற்கு ஆயத்தமாக டிரில்லிங் மெஷினை எடுத்தார். மேஸ்திரி கையமர்த்தி, கதவுக் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கச் சொன்னார். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, தகட்டிலிருந்த சிறு துவாரத்தின் வழியாக அது கண்ணாடியில் முட்டும் வரை செலுத்தி, தகட்டோடு ஒட்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி அடையாளம் செய்து வெளியே எடுத்தார். பிறகு அதே ஈர்க்கை ஆறரை அங்குல ஸ்பீக்கரின் பின்பக்கத்துக் காந்தத்தின் உயரத்தோடு வைத்துப் பார்த்தார். காந்தம் கண்ணாடியில் இடிக்கும். முக்கால் அங்குலக் கனத்தில் மரப்பலகையால் வளையமொன்று அறுத்து அடியில் கொடுத்தால் இடிக்காது. இவ்வளவும் தெரிந்துகொள்ள அவருக்கு ஓர் ஈர்க்கும் ஒரு நிமிஷமும் போதுமாயிருந்தன. பலகை வளையத்துக்கு வார்னிஷ் பூசி வெயிலில் வைத்தார்கள், மழைக்காலத்தில் கதவுக்குள் இறங்கும் நீரில் அது உப்பிவிடக் கூடாதென்பதற்காக. கதவின் வெளித்தகட்டின் உட்புறத்தில் தார் கலந்த பிட்டுமன் தாளை வெட்டி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு முன் தட்டினால் தகர டப்பாவைப் போல ஒலித்த கதவு, ஒட்டியபின் மந்தமாக, அடக்கமாக ஒலித்தது.

அடுத்தது வயரிங். செட்டின் முதுகிலிருந்து புறப்படும் வயர்களின் வர்ணங்கள் பெரும்பாலான கம்பெனிகளில் ஒரே சம்பிரதாயத்தைத் தழுவியவை: மஞ்சள் எப்போதும் பாட்டரியோடு இருப்பது, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறுவது, கறுப்பு எர்த், வெள்ளையும் சாம்பலும் முன்பக்கத்து இடது வலது ஸ்பீக்கர்களுக்கு, பச்சையும் ஊதாவும் பின்பக்கத்துக்கு, கறுப்புக் கோடு போட்டவை அவற்றின் மறுமுனைகள். ஆனால் வண்டியின் பக்கத்து வயர்களில் எத்தனையோ கைகள் பட்டிருக்கும். அவற்றின் வர்ணத்தை மேஸ்திரி நம்புவதில்லை. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பாடியில் கவ்வவிட்டு, சாவியை மூடியும் திறந்தும் ஒவ்வொரு வயரையும் தொட்டு, எது எப்போது எரிகிறதென்று கண்ணால் கண்ட பிறகே வெட்டினார். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து நேராகப் பாட்டரியில் கொடுத்துவிடுவது சுலபமான குறுக்கு வழி; அப்படிக் கொடுத்தால் அணைக்க மறந்த செட் இரவு முழுவதும் பாட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் சாவி லைனில் கொடுத்தாலோ, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் செட் தன் ஞாபகங்களை இழந்து, தேர்ந்துவைத்த வானொலி நிலையங்களும் மணியும் அழிந்துபோகும். இரவு இரண்டு மணிக்குச் சுமையேற்ற வேண்டியவருக்கு வண்டி கிளம்பாமற் போவதென்பது அன்றைய கூலி போவதென்றே அர்த்தம்.

எர்த் கொடுப்பதில் அவர் காட்டிய சிரத்தையை நான் விசேஷமாகக் குறிப்பிட வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்த ஒரு போல்ட்டைச் சுற்றிலும் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளி போல் இரும்பு பளிச்சிடும் வரை விடவில்லை. வயரின் நுனியில் வளையத்தைக் கோத்து இறுக்கி, அதன்மேல் துரு ஏறாதபடி வாஸ்லினைத் தடவினார். பெயிண்டின் மேலேயே முறுக்கிவிட்ட எர்த்தாக இருந்தால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்ருதி ஏறும் ஒரு கீச்சுக்குரல் பாட்டோடு கலந்து வரும். அது ஆல்டர்னேட்டரின் குரல். தீப்பொறியால் இயங்கும் பெட்ரோல் எஞ்சினில் அந்தப் பொறியும் சேர்ந்து வானொலியைக் கெடுக்கக்கூடும். 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில், அதைப் பொருத்துகிறவர்களின் பிரதான தொல்லையே இந்தப் பொறியின் இரைச்சலை அடக்குவதாக இருந்தது. டீசல் வண்டிக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆல்டர்னேட்டர் மட்டும் எல்லாருக்கும் பொது.

ஸ்பீக்கர் வயர்களுக்கு எர்த் கிடையாது என்பதைப் பழைய காலத்து எலக்ட்ரீஷியன்கள் சிலர் இன்றும் ஏற்பதில்லையாம். பழைய செட்டுகளில் ஸ்பீக்கரின் ஒரு முனையை பாடியோடு சேர்த்துவிடும் வழக்கம் இருந்தது. இக்காலத்துச் செட்டிலோ இரண்டு முனைகளிலும் ஆம்ப்ளிஃபயர் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கிறது. ஒன்று பாடியில் பட்டால் உள்ளேயிருக்கும் ஐ.சி. பாதுகாப்பில் நின்றுபோகும், அல்லது வெந்தே போகும். ஆகவே கதவுக்கும் கேபினுக்கும் இடையே வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு, கதவு திறந்து மூடும்போது வயர் இழுபடாத அளவுக்குத் தளர்த்திவிட்டு, அதன்மேல் குழாயும் மாட்டினார்கள். வண்டிகள் தீப்பற்றுவதற்குக் காரணமாகும் குற்றங்களில் தகட்டு விளிம்பில் உராய்ந்து தோலிழந்த வயரும் ஒன்று என்பதை நினைத்தால், ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் பெறும் அந்த ரப்பர் வளையத்தின் மதிப்பு விளங்கும். இணைப்புகளில் வெறும் டேப்பைச் சுற்றுவதை மேஸ்திரி அநுமதிப்பதில்லை. சித்திரை வெயிலில் அடைத்து நிற்கும் கேபினில் டேப்பின் பசை இளகி, அதிர்வில் வழுகி, கொஞ்ச நாளில் செம்பு வெளியே தெரியும். முறுக்கி, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே இழுத்துச் சுட்டார்கள்.

செட்டின் அட்டைப்பெட்டியில் 'நான்கு ஐம்பது வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதைப் பற்றி நான் கேட்டபோது, மேஸ்திரி செட்டைத் திருப்பி அதன் முதுகில் செருகியிருந்த ஃபியூஸைக் காட்டினார். "பத்து ஆம்பியர்ங்க. வண்டி ஓடறப்போ பதினாலு வோல்ட். பெருக்கிப் பாருங்க." 140 வாட் உள்ளே போகிற இடத்திலிருந்து 200 வாட் ஓயாமல் வெளியே வராது. 4 ஓம் ஸ்பீக்கரில், ஒலி உடையாமல், ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 வாட் கிடைப்பதே யதார்த்தம். அந்தச் சிறு கேபினுக்கு அதுவே தாராளம். விளம்பரத்தின் எண்ணை ஃபியூஸின் எண்ணால் சரிபார்க்கும் அந்த முறையை, வண்டிக்குச் செட் வாங்கும் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஸ்பீக்கர்களை மாட்டுவதற்கு முன் ஒன்றரை வோல்ட் பென்சில் பாட்டரி ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றின் முனைகளிலும் ஒரு கணம் தொட்டுக் காட்டினார். பாட்டரியின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு முன்னே தள்ளும். மாறிப் பட்டால் உள்ளே இழுக்கும். இரண்டு கதவுகளிலும் கூம்புகள் ஒரே சமயத்தில் முன்னேயும் ஒரே சமயத்தில் பின்னேயும் போக வேண்டும். ஒன்று முன்னேறும்போது மற்றது பின்வாங்கினால், இரண்டிலிருந்தும் கிளம்பும் தாழ்ந்த ஒலிகள் நடுக்காற்றில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அதைப் பிரத்யட்சமாகக் காட்ட, ஒரு பக்கத்தை வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்து நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டார். தவிலின் வலந்தலை மட்டும் கணீரென்று கேட்க, தொப்பியின் கும்காரம் எங்கோ போய் மறைந்துவிட்டது. வயரைத் திருப்பிக் கொடுத்ததும் அது திரும்பி வந்தது. புதிய ஸ்பீக்கர் சரியில்லையென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த ஒரு திருத்தம்தான் என்று உதவியாளர் சொன்னார்.

எல்லாம் முடிந்தபின், டேஷ்போர்டின் மூடியைப் போடுவதற்கு முன்னால், அதன் உட்புறத்தில் எந்த வயர் எங்கிருந்து எடுக்கப்பட்டது, ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று மார்க்கர் பேனாவால் எழுதிவைத்தார். இந்த வண்டி வழியில் எங்காவது கோளாறாகி நிற்குமானால், அதைத் திறக்கும் முகமறியாத வேறொரு எலக்ட்ரீஷியனுக்காக அது எழுதப்பட்டது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றியும் இறக்கியும், ஒலியை வெகுவாகத் தாழ்த்தி வைத்துக்கொண்டு கேட்டார். தாழ்ந்த ஒலியைக் கூட்டாமல் நடுத்தர ஒலியைச் சற்றே தூக்கினார். பாடகரின் சொற்கள் எஞ்சின் தடதடப்பின் மேலாகத் தெளிந்து எழுந்தன. இளைஞர் ஓட்டுகிறவரின் இருக்கையில் உட்கார்ந்து, தாமாகவே கை நீட்டி ஒலியை இன்னும் ஒரு படி குறைத்தார்.

கூலியைப் பற்றிப் பேச்சு வந்தபோது எனக்கு வருத்தமாயிருந்தது. செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தவர், அரை நாளுக்குமேல் இரண்டு பேர் குனிந்து நிமிர்ந்து செய்த வேலைக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார். மேஸ்திரி ஐம்பதைக் குறைத்துக்கொண்டு, உபரியாக ஒரு பத்து ஆம்பியர் ஃபியூஸையும் கையில் கொடுத்து, "ஃபியூஸ் போச்சுன்னா இதைப் போடுங்க தம்பி, செம்புக் கம்பியைச் சுத்திப் போட்டுறாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். பெரும்பாலான ஜனங்கள் பெட்டிக்குள் வரும் பொருளுக்கு மதிப்பறிந்து கொடுக்கிறார்கள். அந்தப் பொருளைத் தீப்பற்றாமலும் பாட்டரியைக் குடிக்காமலும் பல வருஷம் ஓட வைக்கும் கைக்குக் கொடுக்கும்போது மட்டும் பேரம் பேசுகிறார்கள். இது நியாயமன்று.

அதற்குள் கொட்டகை வாசலில் ஒரு பெரிய லாரி வந்து நின்றது. 24 வோல்ட் வண்டி. யாரோ இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுத்துச் செட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு பாட்டரி எப்போதும் பசியோடும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றியும் கிடந்தன. மேஸ்திரி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்த கன்வர்ட்டரை எடுத்து வரும்படி உதவியாளரிடம் சொன்னார்.