மெட்டு பழசு, சத்தம் புதுசு

நண்பர் மூன்று மாதம் உழைத்து 1950களின் பாணியில் ஒரு பாடலை அமைத்து, நாடகங்களுக்கு இசை உரிமம் வழங்கும் நிறுவனத்துக்கு அனுப்பினார். “மெட்டு சரி, சத்தம் அந்தக் காலத்துடையதல்ல. இசைத்தட்டுக் கீறல் ஒலியும் சேருங்கள்” என்று பதில் வந்தது. சிராங்கூன் சாலைக் கடையில் தே தாரிக் ஆறும்வரை பொருமினார்.

வானொலியில் பழைய பாடல்களோடு பழகிய காது எனக்கு. அன்று பாடகரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்தே பதிவு செய்வார்கள். ஒலி ஒற்றைத் தடத்தில் வரும். இவர் பாட்டிலோ வயலின் இடப்பக்கம், தபேலா வலப்பக்கம். போதாததற்கு, 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டின் மணியோசை!

சொன்னேன். முகம் சுருங்கியது. ஆனாலும் மணியை எடுத்தார், மோனோவாக்கினார். கீறலை மட்டும் மறுத்துவிட்டார். அந்தக் காலத்து ரசிகருக்கு அது புதுப்பாட்டுதானே?

திருத்திய பாடல் போன வாரம் போயிருக்கிறது.