பழைய பஞ்சும் புதிய தொட்டியும்

கடலை நம்பி வாழும் மன்னார்த் தீவிலும் நன்னீர் மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுவோர் உளர். தெளிந்த நீர், புதிய மோட்டார், வெள்ளை வெளேரென்ற வடிகட்டிப் பஞ்சு, நான்கு தங்கமீன்கள்: முதல் வாரம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் திருவிழா. இரண்டாம் வாரத்திலோ மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பின்னர் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. குற்றம் கிணற்று நீரினது என்று பெரியவர்கள் தீர்ப்பளித்துவிடுகின்றனர். அத்தீர்ப்பிற் பாதி உண்மை. மற்றைப் பாதியே அறியத்தக்கது.

மீன் தன் பூக்கள் வழியாக அமோனியாவை வெளிவிடுகின்றது. அது நஞ்சு. ஒருவகை நுண்ணங்கிகள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகையின அதனை ஓரளவு தீங்கற்ற நைத்திரேற்றாக மாற்றுகின்றன. 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் இரசிய அறிஞர் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். புதிய தொட்டியில் இவை தாமாகப் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை மீன் தன் கழிவிலேயே வாழவேண்டியுள்ளது.

இனிக் கிணற்று நீருக்கு வருவோம். மன்னார்த் தீவு மணலாலானது. அடியிலே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். இத்தகைய நிலத்து வன்னீர் தொட்டியிற் காற்றோட்டம் பெற்றதும் அதன் பீ.எச். பெறுமானம் 8ஐ அணுகுவது இயல்பு. 28 பாகை வெப்பத்தில், பீ.எச். 7 ஆயின் அமோனியாவில் ஏறத்தாழ 0.7 சதவீதமே கொடிய வடிவில் இருக்கும். 8 ஆயின் அது 6.5 சதவீதமாகிவிடுகின்றது. வேறிடத்து மீன் தாங்கும் அளவு அமோனியா இங்கே ஒன்பது மடங்கு கொடிதாகின்றது. ஆயினும் அதே சுண்ணாம்பு நுண்ணங்கிகளுக்கு உறுதுணை. ஒரு கிறாம் அமோனியா நைதரசன் நைத்திரேற்றாவதற்கு ஏறத்தாழ 7 கிறாம் கல்சியம் காபனேற்றுக்கு ஈடான காரத்தன்மை செலவாகும்; மன்னார் நீரில் அதற்குக் குறைவில்லை. எனவே இங்கு வேண்டுவது நீரை மாற்றுவதன்று, நுண்ணங்கிகளை முன்கூட்டியே குடியேற்றுவதாகும். நன்றாக ஓடும் பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைக் கொணர்ந்து புதியதில் இடுவதே அதற்கு எளிய வழி.

இதனைப் பாலுக்கு உறைமோர் இடுவதற்கு ஒப்பிடுவர். ஒப்புமை அழகியதுதான், ஆயினும் ஆளை ஏமாற்றுவது. தயிர் நுண்ணங்கி ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிக்கக்கூடியது. ஆகவே ஒரு கரண்டி மோர் போதும். அமோனியாவை உண்ணும் நுண்ணங்கி இரட்டிக்க அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேலும் செல்லும். கைப்பிடியளவு பஞ்சைக் கிள்ளியிட்டுவிட்டுப் பத்து மீன்களை விட்டவர் ஏமாறுவது இதனாலேயே. விடப்படும் மீன்களின் தொகைக்கு ஏற்ற அளவு பஞ்சு வரவேண்டும்.

பழைய தொட்டி நீரை வாளி வாளியாகச் சுமந்து வருவோரும் உண்டு. வீண் உழைப்பு! இந்நுண்ணங்கிகள் பஞ்சின் இழைகளிலும் கற்களிலும் ஒட்டி வாழ்வன. நீரில் மிதப்பவை மிகச் சில.

வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வருவதாயின், பஞ்சைப் பழைய நீரால் நனைத்து, பாதி காற்றிருக்கும் அகன்ற பாத்திரத்தில் வெயில் படாது கொண்டுவரவேண்டும். நீர் நிறைத்து இறுக மூடினால் ஒட்சிசன் தீர்ந்து வழியிலேயே மடியத் தொடங்கும். குழாய் நீரில் அலசலாகாது. குளோரீன் இவற்றைக் கொல்லும். வெள்ளம் வடிந்தபின் குளோரீன் இட்ட கிணற்று நீரும் அவ்வாறே. வெண்புள்ளி நோய் கண்ட தொட்டியின் பஞ்சை எவர் இலவசமாகத் தந்தாலும் வாங்காதிருப்பது நன்று. பஞ்சு வந்த அன்றே சில மீன்களை விடவேண்டும். அமோனியா இன்றேல் நுண்ணங்கிக்கு உணவில்லை.

மின்வெட்டு வேறொரு சோதனை. 2022 மார்ச்சு இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. அத்தகைய வேளையில் மூடிய வடிகட்டியினுள் அடைபட்ட பஞ்சு மூச்சுத்திணறும். அதனை வெளியே எடுத்துத் தொட்டி நீர் ஊற்றிய தட்டையான தட்டில் வைத்தால், மின்சாரம் மீளும்வரை பெரும்பகுதி பிழைத்திருக்கும்.

பஞ்சு கொடுப்பவரின் தொட்டியையும் எண்ணவேண்டும். மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுத்தால் அவருடைய மீன்கள் துன்புறும். எடுத்த இடத்தில் புதுப் பஞ்சொன்றை வைத்துவிட்டு வருவதே முறை. சில வாரங்களில் அதுவும் முதிர்ந்துவிடும்.