உப்பை அளப்பவர்கள்

மீஞ்சூரிலிருந்து வல்லூர் வழியாகக் காட்டுப்பள்ளிக்குப் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுவதே ஒரு வித்தை. எனக்கு முன்னால் போன ஆராய்ச்சி மாணவிக்கு அது பழகியிருந்தது. அவர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் கட்டியிருந்த ஐஸ் பெட்டிதான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறிக் குதித்தது.

காட்டுப்பள்ளியில் தண்ணீர் என்றாலே பேச்சு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்தான் போய் நிற்கும். 2010-இல் திறக்கப்பட்ட அது, நாளுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுள்ளது. உறிஞ்சும் கடல்நீரில் பாதிக்கு மேல் இன்னும் உப்பேறித் திரும்பக் கடலுக்கே போகிறது. அங்கே உப்பைப் பிரிக்கும் சவ்வின் பூர்வீகமும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம்தான்: 1959-இல் லாஸ் ஏஞ்சலிஸில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் செய்து காட்டியது. பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மதிலுக்கு வெளியே கிணறு கிணறாக உப்பை அளந்து அலைகிறவர்களின் வேலையைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

முதல் வீட்டில் அடிபம்பு. தண்ணீர் வந்தவுடன் மாணவி பாட்டிலை நீட்டவில்லை. குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகட்டும் என்று கை வலிக்க அடித்தார். வரும் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலசினார். உப்பை அளக்கும் மீட்டரின் முனையைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, துடைத்து, தண்ணீருக்குள் விட்டார். எண் ஏறி, இறங்கி, நிலைத்தது.

"வாய்ல வெச்சாலே உப்புன்னு தெரியுமே பாப்பா, இதுக்கு ஒரு மிஷினா?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"உப்புன்னு நாக்கு சொல்லும்மா. போன வருஷத்துக்கு இந்த வருஷம் எவ்வளவு ஏறியிருக்குன்னு சொல்லாதே."

அந்த ஏற்றத்துக்கு ஒரு கதை இருக்கிறது. சென்னைக்காக மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளிலிருந்து தண்ணீர் இறைத்து இறைத்து, 1969-இல் நிலத்தடியில் சுமார் 3 கிலோமீட்டர் வந்திருந்த கடல்நீர், 1983-க்குள் 9 கிலோமீட்டர் வரை ஏறிவிட்டது. நன்னீர் லேசு, உப்புநீர் கனம். அதனால் ஒன்று மற்றதன் மேல் மிதக்கிறது. மேலே நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், அடியில் உப்புநீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறலாம் என்பது கணக்கு. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. அந்தக் கிணற்றடியில் நின்று கேட்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்த கிணற்றின் கைப்பிடிச் சுவர்தான் ஆய்வக மேஜை. பைகார்பனேட்டை அங்கேயே அளந்துவிட வேண்டும். ஊர் போய்ச் சேர்வதற்குள் அளவு மாறிவிடும். அதற்கும் குளோரைடுக்கும் உள்ள விகிதம்தான் கடல் உள்ளே வந்திருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும். கடற்காற்று விடாமல் அடித்தது. துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, குடுவையை உடம்போடு அணைத்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மஞ்சள் நிறம் ஆரஞ்சாகத் திரும்பிய அந்தச் சொட்டிலேயே கை நின்றது. ஒரு சொட்டு கூடினாலும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அளப்பதோடு நின்றுவிடுவதில்லை. இதே வட்டாரத்து ஆண்டார்மடத்தில் அண்ணா பல்கலைக்கழக நிலவியல் ஆய்வாளர்கள் ஒரு கசிவுநீர்க் குட்டை வெட்டி, மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது சுற்றியுள்ள நிலத்தடி நீர் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். ஆலைக்கு முன்னால் குட்டை எம்மாத்திரம் என்று தோன்றலாம். என்னைக் கேட்டால், மின்கட்டணமே இல்லாத அந்தக் குட்டைக்கு இன்னும் நிறையப் பணமும் ஆளும் ஒதுக்கலாம்.

பிற்பகலில் போன இடத்தில் கிணறே இல்லை. மண்ணைக் கொட்டி மூடி, மேலே லாரி நிறுத்தியிருந்தார்கள். கேன் தண்ணீர் வந்த பிறகு உப்புக்கிணறு யாருக்கு வேண்டும்? மாணவி கோபப்படவில்லை, நோட்டில் அந்தக் கிணற்றின் எண்ணை அடித்துவிட்டு, எதிர் டீக்கடையில் விசாரித்தார். இரண்டு தெரு தள்ளி ஒன்று இருக்கிறதாம். பழைய எண்ணையே இதற்குக் கொடுத்துவிடலாமே என்றேன். கூடாதாம். இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் ஒரே வரிசையில் சேர்த்தால் கணக்கே பொய்யாகிவிடும். புதுக் கிணற்றுக்குப் புது எண், இன்றைய தேதியிலிருந்து.