நாலு கம்பி.. மூணு பேரு.. ஒரே தெரு!

உங்க காலேஜ் பேண்ட்ல பாடறது யாருன்னு கேட்டா உடனே சொல்லிடுவீங்க. லீட் கிடார் யாரு? அதுவும் தெரியும். டிரம்ஸ் அடிக்கறவருக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கும். சரி.. பேஸ் கிடார் வாசிக்கறது யாரு? யோசிக்கறீங்க பார்த்தீங்களா.. பேஸ் வாசிக்கறவங்க ஜாதகமே அதுதான்!

ஆனா அந்த ஆள் கொஞ்ச நேரம் கையை நிறுத்தினா தெரியும் சேதி. பாட்டு, தரை இல்லாத வீடு மாதிரி ஆயிடும். நாலே நாலு கம்பி. சாதாரண கிடாரின் கனமான நாலு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பேசும். டிரம்ஸ் போடற தாளத்தையும் கிடார் போடற சுரத்தையும் சேர்த்துக் கட்டற கயிறு அது. இளையராஜா பாட்டை நல்ல ஹெட்போன்ல கேட்டவங்களுக்கு இதைத் தனியா விளக்கவே வேணாம்.

ஒருவேளை அந்த 'பேஸ் ஆள்' நீங்கதான்னா, ஃபைனல் இயர் வரும்போது ஒரு கேள்வியும் கூடவே வந்து நிக்கும். 'இதை இப்படியே பொழுதுபோக்கா வெச்சுக்கறதா, இல்லை இதுதான் பொழைப்புன்னு இறங்கிடறதா?' வீட்டுல கேட்டா ஒரு பதில், ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டா இன்னொரு பதில். பேசாம என்னோட வாங்க.. ஜெர்மனியில ஹாம்பர்க் வரைக்கும் போயிட்டு வரலாம். அங்கே ஒரே தெருவில், ஒரே பேண்டைச் சுத்தி, கிட்டத்தட்ட உங்க வயசுல மூணு பசங்க இருந்தாங்க. மூணு பேர் கையிலயும் பேஸ் கிடார் வந்துச்சு. மூணு பேரும் சொன்னது மூணு பதில்!

பெரிய சுதந்திரம்!

ரீப்பர்பான் ஸ்டேஷன்ல இறங்குங்க. ஏரியா பேரு சங்க்ட் பௌலி. பக்கத்துலயே எல்ப நதித் துறைமுகம். கப்பல்ல இருந்து இறங்கற மாலுமிகளுக்காகவே வளர்ந்த பேட்டை. நியான் விளக்கு, பார், பாட்டு, சிவப்பு விளக்கு.. எல்லாம் உண்டு. ஊருக்கு போன் பண்ணும்போது 'மியூசியம் பார்க்கப் போனேன்'னு சொல்லிக்கங்க!

மெயின் ரோட்டிலிருந்து பிரியற சின்னத் தெருதான் நம்ம ஸ்பாட். பேரு 'குரோஸ ஃப்ரைஹைட்'. அதாவது 'பெரிய சுதந்திரம்'. கும்மாளத்துக்காக வெச்ச பேருன்னு நினைச்சுடாதீங்க. 17-ம் நூற்றாண்டு விஷயம் அது. இந்த இடம் அப்போ ஹாம்பர்க்குல சேராத ஆல்டோனாவுக்குச் சொந்தம். இங்கே மத்த மதத்துக்காரங்க கும்பிடலாம், தொழிற்சங்கத்துல சேராத கைவினைஞர்களும் தொழில் பண்ணலாம்னு சலுகை கொடுத்தாங்க. அதனாலதான் இன்னிக்கும் கிளப்புகளுக்கு நடுவுல ஒரு கத்தோலிக்க சர்ச் நிக்குது. 'பிடிச்சதைத் தொழிலா பண்ணிக்கோ'ன்னு சொன்ன தெருவுலதான் நம்ம கதையும் நடக்குது.

64-ம் நம்பர் வாசல்ல நில்லுங்க. கிளப் பேரு 'இந்த்ரா'. நம்ம இந்திரன்தான்! அந்தக் காலத்துல இங்கே யானை வடிவ நியான் விளக்கு தொங்குச்சு. 1960 ஆகஸ்ட் 17-ம் தேதி, இங்கிலாந்து லிவர்பூல்ல இருந்து வந்த 5 பசங்க இங்கே மேடை ஏறினாங்க. பேண்ட் பேரு பீட்டில்ஸ். அன்னிக்கு அவங்களை யாருக்கும் தெரியாது.

சம்பளம் தலைக்கு ஒரு நாளைக்கு 30 மார்க். வார நாள்ல நாலரை மணி நேரம், சனி ஞாயிறுல ஆறு மணி நேரம் வாசிக்கணும். தூக்கம் 'பாம்பி கினோ'ங்கற தியேட்டர்ல, திரைக்குப் பின்னாடி, டாய்லெட் பக்கத்துல! கூட்டம் சோர்ந்துச்சுன்னா முதலாளி 'மாக் ஷௌ'ன்னு கத்துவார். 'ஏதாவது ஷோ காட்டுங்கடா'ன்னு அர்த்தம். இந்த்ராவுல 48 ராத்திரி. சத்தம் தாங்கலைன்னு புகார் வந்ததும் அதே தெருவுல 36-ம் நம்பர், 'கைசர்கெல்லர்' பாதாள கிளப்புக்கு மாத்தினாங்க. அங்கே 58 ராத்திரி.

ஒண்ணு கவனிங்க. காலேஜ் கல்சுரல்ஸ்ல நீங்க மேடையில நிக்கறது 20 நிமிஷம். அதுக்கு ஒரு மாசம் பிராக்டீஸ். இங்கே தினமும் பல மணி நேரம், பிடிச்ச பாட்டு பிடிக்காத பாட்டு எல்லாம், குடிச்சிட்டு சண்டை போடற கூட்டத்துக்கு முன்னாடி. பொழுதுபோக்குக்கும் பொழைப்புக்கும் உள்ள முதல் வித்தியாசம் திறமை இல்லை பாஸ். 'இன்னிக்கு மூடு இல்லை'ன்னு சொல்ல முடியாது, அதுதான்!

முதல் பதில்: ஸ்டூவர்ட்

அந்த அஞ்சு பேர்ல பேஸ் வாசிச்சவர் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப். வயசு 20. உண்மையில அவர் ஓவியர். லிவர்பூல் ஆர்ட் காலேஜ்ல ஜான் லென்னனோட தோஸ்த். ஜான் மூர்ஸ் கண்காட்சியில வெச்ச அவரோட ஓவியம் 65 பவுண்டுக்கு விலை போச்சு. மாணவனுக்கு அது பெரிய காசு. நண்பன் நச்சரிச்சான், அந்தக் காசு தந்த தெம்புல ஹோஃப்னர் பேஸ் ஒண்ணு வாங்கினார். வாசிக்கத் தெரிஞ்சு வாங்கலை. வாங்கிட்டுத்தான் கத்துக்கிட்டார்!

'அவருக்கு வாசிக்கவே வராது, ஜனங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பார்'னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. நேர்ல கேட்டவங்கள்ல சிலர், 'அதெல்லாம் இல்லை, சிம்பிளா, உறுதியா வாசிச்சார்'னு சொல்லியிருக்காங்க. எப்படியோ, அவர் மனசு தூரிகையிலதான் இருந்துச்சு. ஹாம்பர்க்குல ஆஸ்ட்ரிட் கிர்ஷர்ங்கற போட்டோகிராபரைக் காதலிச்சார். ஆரம்பகால பீட்டில்ஸ்னு நாம பார்க்கற அந்த அழகான கறுப்பு வெள்ளைப் படங்கள் ஆஸ்ட்ரிட் எடுத்ததுதான்.

1961-ல ஸ்டூவர்ட் முடிவெடுத்தார். பேண்டுக்கு டாட்டா! இப்போ ரயிலேறி ஊரோட இன்னொரு பக்கம், லெர்ஷன்ஃபெல்டுல இருக்கற நுண்கலைக் கல்லூரிக்கு வாங்க. ரீப்பர்பான் சத்தத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லை. இங்கே சிற்பி எடுவார்டோ பவோலோசியோட வகுப்புல ஸ்டூவர்ட் சேர்ந்தார். ராப்பகலா வரைஞ்சார். பவோலோசி மெச்சின மாணவன் அவர்.

ஆனா காலம் ஒத்துழைக்கலை. தலைவலி, மயக்கம்னு அவதிப்பட்டவர் 1962 ஏப்ரல் 10-ம் தேதி மூளையில ரத்தக்கசிவால இறந்துட்டார். வயசு 21. மறுநாள் நண்பர்கள் ஹாம்பர்க் வந்து இறங்கினப்ப, ஏர்போர்ட்ல ஆஸ்ட்ரிட் சொல்லித்தான் அவங்களுக்கு விஷயமே தெரிஞ்சது. 13-ம் தேதி ராத்திரி, இதே தெருவுல 39-ம் நம்பர்ல 'ஸ்டார் கிளப்' திறப்பு விழா. பீட்டில்ஸ் மேடை ஏறி வாசிச்சாங்க. உயிர் நண்பன் போய் மூணே நாள்! அந்த கிளப் இன்னிக்கு இல்லை. முற்றத்துல ஒரு நினைவுக்கல் மட்டும் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. தொழில்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்காமலே புரியும்.

ரெண்டாவது பதில்: பால்

ஸ்டூவர்ட் விட்டுட்டுப் போன இடத்துக்கு யார் வர்றது? எல்லாருக்கும் கிடார்தான் வேணும். பேஸ்னா ஓரமா நிக்கறவன் வாசிக்கறதுன்னு அப்போ நினைப்பு. யாருமே முன்வராத அந்த வேலை, பால் மெக்கார்ட்னி தலையில விழுந்துச்சு.

பால் வீட்டுக் கதை நம்ம வீட்டுக் கதைதான். அப்பா ஜிம், பருத்தி வியாபாரத்துல வேலை. இளமையில 'ஜிம் மேக்ஸ் ஜாஸ் பேண்ட்'னு சொந்தமா பேண்ட் நடத்தினவர். ஆனா அது பகல் வேலை முடிஞ்ச பிறகுதான். பாட்டுல பேஸ் எங்கே போகுதுன்னு பிள்ளைக்குக் காதைத் திறந்துவிட்டவரும் அவர்தான். அதே அப்பா, 1960 கடைசியில ஹாம்பர்க்குல இருந்து திருப்பி அனுப்பப்பட்டு வெறுங்கையோட வந்த பையன்கிட்ட 'போய் ஒரு வேலை தேடு'ன்னார். பாலும் மின்கம்பிச் சுருள் சுத்தற ஒரு கம்பெனியில சேர்ந்தார். 1961 பிப்ரவரியில லிவர்பூல் 'கேவர்ன்' கிளப்ல மதிய நேரக் கச்சேரி கிடைச்சது. வேலையா, வாசிப்பான்னு கொஞ்ச நாள் இழுபறி. கடைசியில சுருளுக்கு குட்பை!

அந்த வருஷமே ரெண்டாவது தடவை ஹாம்பர்க். ரீப்பர்பான்ல 'டாப் டென்' கிளப்ல 92 ராத்திரி. இங்கேதான் அவருக்கு சொந்தமா ஒரு பேஸ் தேவைப்பட்டுச்சு. ஃபெண்டர் பேஸ் 100 பவுண்டுகிட்ட. கையைக் கடிக்கும். ஹாம்பர்க் கடையில ஹோஃப்னர் 500/1 இருந்துச்சு. வயலின் வடிவம், உள்ளே காலி உடம்பு, எடையும் குறைவு. விலை சுமார் 30 பவுண்டு. பால் இடது கைக்காரர். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறதால திருப்பிப் பிடிச்சாலும் அசிங்கமா தெரியாதுன்னு ஒரு கணக்கு. விலை பார்த்து வாங்கின அந்த பேஸ், உலகத்துலயே பிரபலமான பேஸ் ஆயிடுச்சு!

அதுக்கும் ஒரு கதை உண்டு. 1972-ல லண்டன்ல ஒரு வேன்ல இருந்து அது திருடு போச்சு. அரை நூற்றாண்டு கழிச்சு ஒரு வீட்டுப் பரண்ல கிடந்தது கிடைச்சு, திரும்பி வந்துடுச்சுன்னு 2024 பிப்ரவரியில அறிவிச்சாங்க. அந்த டிசம்பர்ல லண்டன் மேடையில அதையே மாட்டிட்டு வாசிச்சார் பால். அப்போ அவருக்கு வயசு 82!

மூணாவது பதில்: கிளௌஸ்

இப்போ மறுபடி 36-ம் நம்பர் பாதாள கிளப்புக்கு வாங்க. 1960-ல ஒரு நாள் ராத்திரி, ஆஸ்ட்ரிட்டோட சண்டை போட்டுட்டுத் தனியா சுத்திட்டிருந்த கிளௌஸ் ஃபோர்மன்ங்கற 22 வயசுப் பையன், பாட்டுச் சத்தம் கேட்டு இந்தப் படியில இறங்கினார். வரைகலை மாணவர். அன்னிக்குக் கேட்ட பேண்ட் அவர் வாழ்க்கையையே மாத்துச்சு. ஆஸ்ட்ரிட்டை இங்கே கூட்டிட்டு வந்ததும் அவர்தான். ஸ்டூவர்ட் வெச்சிருந்த பேஸ், பின்னாடி கிளௌஸ் கைக்கு வந்துச்சு. தானா கத்துக்கிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். 1966-ல பீட்டில்ஸோட 'ரிவால்வர்' ஆல்பத்துக்கு அட்டைப் படம் வரைஞ்சார். கிராமி விருது! அதே வருஷம் 'மேன்ஃப்ரெட் மேன்' பேண்ட்ல பேஸ் வாசிக்க சேர்ந்தார். லென்னனோட 'இமேஜின்' ஆல்பத்துல பேஸ் இவர்தான். 1971-ல ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் சேர்ந்து நியூயார்க்ல நடத்தின 'வங்கதேசத்துக்கான கச்சேரி'யிலயும் இவர் பேஸ். அப்புறம் தயாரிப்பாளர். 1990-கள்ல பீட்டில்ஸ் 'ஆந்தாலஜி'க்கு மறுபடி தூரிகை. 'ரெண்டு படகுல கால் வைக்காதே'ன்னு பெரியவங்க சொல்வாங்க இல்லையா.. இவர் ரெண்டையும் ஓட்டிக் கரை சேர்ந்தவர்!

இப்போ உங்க டர்ன்!

திரும்பும்போது தெருமுனையில 'பீட்டில்ஸ் பிளாட்ஸ்' வரும். 2008-ல திறந்தது. இசைத்தட்டு மாதிரி கறுப்பா, வட்டமா ஒரு சதுக்கம். அதுல மனுஷ உருவத்துக்கு வெறும் வெளிக்கோடு மட்டும் உலோகத்துல நிக்கும். உள்ளே காலி. ஸ்டூவர்ட்டுக்கும் ஒண்ணு உண்டு. பேண்டை விட்டுப் போனவர்னு ஒதுக்கலை.

மூணு பேரையும் கவனிச்சீங்களா? ஸ்டூவர்ட் தோத்துப் போய் விலகலை. காலையில எழுந்ததும் அவர் கை தேடினது தூரிகையை. பால் ஜெயிக்கப் போறோம்னு தெரிஞ்சு இறங்கலை. ஓரத்து வேலை கிடைச்சது, ஆறு மணி நேரம் வாசிக்கவும் தயாரா இருந்தார். கிளௌஸ் ஒண்ணை விட்டுத்தான் இன்னொண்ணுன்னு நினைக்கலை. ஒரு கையில இருந்த தொழில், இன்னொரு கைக்கு நேரம் வாங்கிக் கொடுத்துச்சு. பகல்ல பருத்தி, ராத்திரியில ஜாஸ்னு இருந்த அப்பா ஜிம்மையும் சேர்த்தா நாலாவது பதில்கூட ரெடி. அவர் வீட்டுல பாட்டு இருந்ததாலதான் பால்!

அதனால 'எனக்குத் திறமை இருக்கா?'ன்னு மட்டும் கேட்காதீங்க. 'அடுத்தவங்க கேட்கற பாட்டை, நூறாவது தடவையும் முதல் தடவை மாதிரி வாசிப்பேனா? கைதட்டல் பாடகருக்குப் போறப்பவும் சந்தோஷமா ஓரமா நிப்பேனா? காசு வராத மாசத்தைத் தாங்குவேனா?' இப்படிக் கேட்டுப் பாருங்க. 'ஆமாம்'னா இறங்குங்க. 'இல்லை'ன்னா கவலையே வேணாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு ஃப்ரெண்ட்ஸோட வாசிக்கற பேஸும் அதே சுதியிலதான் பேசும்!

போறவங்களுக்கு டிப்ஸ்: இந்த்ராவும் கைசர்கெல்லரும் இன்னிக்கும் இயங்கற கிளப்புகள், சாயங்காலத்துக்கு மேல போங்க. செப்டம்பர்ல போனா 'ரீப்பர்பான் ஃபெஸ்டிவல்' பார்க்கலாம். 2006-லருந்து நடக்குது, புது பேண்டுகளுக்கு அது பெரிய வாசல். சனி ராத்திரி முழுக்க முழிச்சீங்கன்னா, ஞாயிறு விடிகாலை எல்ப கரை மீன் சந்தைக்கு நடந்தே போயிடலாம். சூடா மீன் வெச்ச பன் கிடைக்கும். அங்கேயும் மேடை போட்டு ஒரு பேண்ட் வாசிச்சிட்டிருக்கும். இந்தத் தடவையாவது, பேஸ் வாசிக்கறது யாருன்னு பாருங்க!